பண்டுப் பாதையில் முழு வருகை

ஈப்போ
24 ஜனவரி 2025

அன்புத் தங்கை மாதுமைக்கு,

நானும் உன் அண்ணியும் குறைவின்றி இருக்கிறோம். என் இரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. உன் முழங்கால் எப்படி? மறைக்காமல் எழுதவும்.

சென்ற வாரம் நீ கைப்பேசியில் பள்ளி விஷயத்தைத் தொடங்கினாய். நான் பேச்சை மாற்றினேன். கோபித்துக்கொள்ளாதே. நீ ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. நான் அதே மாநிலத்துப் பள்ளிகளின் ஆண்டு முன்னேற்ற இலக்குகளைச் சரிபார்க்கும் அலுவலர். உடன்பிறந்தவர்கள் இதைக் காதோடு காதாகப் பேசுவது முறையல்ல. எழுத்தில் இருந்தால் யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம். ஆகவே கடிதம்.

நற்செய்தி இதுதான். மாணவர் வருகையில் உன் ஹெதர்லி தோட்டத் தமிழ்ப்பள்ளி மாநிலத்திலேயே முதலிடம்: 97.8 விழுக்காடு. பெரிய நகரப் பள்ளிகளெல்லாம் உனக்குப் பின்னால் நிற்கின்றன. கூட்டத்தில் உன் பள்ளியின் பெயரை வாசித்தபோது நான் காகிதத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் என் முகம் காட்டிக்கொடுத்திருக்கும்.

புதிய ஆண்டின் இலக்குப் படிவம் அலுவலக வழியாக வரும். விதி உனக்குத் தெரியும்: அடைந்ததற்கு மேல் அரை விழுக்காடு. உன் பள்ளிக்கு 98.3. இந்த விதியை வரைந்த குழுவில் நானும் இருந்தேன் என்பதால், இதன் நியாயத்துக்கு நானே சாட்சி.

அண்ணி உனக்கு முருங்கைப் பொடி அனுப்பியிருக்கிறாள்.

அன்புடன்,
அண்ணன் ஸ்கந்தராஜா

•

பாகான் டத்தோ
8 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். முருங்கைப் பொடி வந்து சேர்ந்தது. முழங்கால் படியேறும்போது மட்டும் முணுமுணுக்கிறது. அண்ணியின் சளி விட்டதா?

பாராட்டுக்கு நன்றி. அந்த வருகை எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமைதோறும், அந்த வாரம் ஒருவரும் விடுபடாத வகுப்பு தன் வாசலில் மஞ்சள் கொடி கட்டும். அவ்வளவுதான் பரிசு. ஆனால் அந்தக் கொடிக்காகக் காய்ச்சலோடு வந்து நிற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டாம் வகுப்பு ஷர்மினி, தான் ஒருநாள் வராததால் கொடி போயிற்று என்று அழுது, மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது.

ஒரு வேண்டுகோள். இலக்கை 96 என்று எழுத அனுமதிக்க முடியுமா? பிள்ளைகளில் பாதிப்பேர் பாரிட் கிளாப்பா என்ற கம்பத்துச் சிற்றூரிலிருந்து வருகிறார்கள். அங்கிருந்து பள்ளிக்கு ஒரே பாதை, பண்டின் மேல் போகும் மண்பாதை. கடல்நீர் தோட்டத்துக்குள் வராமல் எப்போதோ போட்ட மண்கரை அது. ஒருபுறம் கண்டல் காடும் கடலும், மறுபுறம் ஆழமான வாய்க்கால், நடுவில் ஒரு வேன் போகும் அகலம். சென்ற ஆண்டு கடல் அமைதியாக இருந்தது. எல்லா ஆண்டும் அப்படி இராது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கை மாதுமை

•

ஈப்போ
20 பிப்ரவரி 2025

அன்புத் தங்கைக்கு,

நலமே. அண்ணியின் சளி என்னிடம் வந்துவிட்டது, வேறு மாற்றமில்லை.

உன் வேண்டுகோளைப் பரிவோடு படித்தேன். ஆனால் சென்ற ஆண்டைவிடத் தாழ்ந்த எண்ணை முன்னேற்ற இலக்கு என்று நான் எந்த முகத்தோடு கோப்பில் வைப்பது? உனக்கு ஒரு விதி, தாப்பா பள்ளிக்கு ஒரு விதி என்று ஆகிவிடும். அதிலும் நீ என் தங்கை.

மேலும் ஒன்று. இதை அச்சுறுத்தலாக எடுத்துக்கொள்ளாதே. உன் பள்ளியில் அறுபத்தொரு பிள்ளைகள். இந்த அளவுள்ள பள்ளி, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் இலக்கைத் தவறவிட்டால் அருகிலுள்ள பள்ளியோடு இணைப்பதற்கான பரிசீலனைக்குப் போகும். அருகிலுள்ளது என்றால் பிள்ளைகளுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். இலக்கு உன் பள்ளியை வருத்துவதற்கு அல்ல, காப்பதற்கு.

98.3 என்று எழுதிக் கையெழுத்திடு. உன்னால் முடியும்.

ஸ்கந்தராஜா

•

பாகான் டத்தோ
15 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் சளி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இஞ்சியை விடாதீர்கள்.

கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். பெற்றோர் கூட்டத்தில், இலக்கைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். வீரம்மா என்கிற தாய் மட்டும் எழுந்து, "ஸ்கூலு போச்சுன்னா எங்க கம்பமும் போச்சு டீச்சர். செத்தாலும் புள்ளைய அனுப்பிட்டுத்தான் சாவோம்லா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தங்கை மாதுமை

•

ஈப்போ
30 மே 2025

அன்புத் தங்கைக்கு,

இரண்டு மாதமாக உன் கடிதம் இல்லை. நலம்தானே? இங்கே வெயில் சுண்ணாம்பு மலைகளில் பட்டுத் திரும்பி வந்து சுடுகிறது. அண்ணி குளிர்சாதனப் பெட்டியையும் என்னையும் மாறிமாறித் திட்டுகிறாள்.

மார்ச், ஏப்ரல் அறிக்கைகளைப் பார்த்தேன். உன் பள்ளி இலக்குக்கு மேலேயே நிற்கிறது. பார்த்தாயா? முடியாது என்று எழுதிக் கேட்டவள் நீ. சித்தியவான் பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவர், "அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கு மட்டும் என்ன மந்திரம் ஐயா?" என்று கேட்டார். மஞ்சள் கொடியைப் பற்றிச் சொன்னேன். அடுத்த மாதம் முதல் மாநிலம் முழுவதும் கொடி பறக்கும்.

உன் முழங்காலைப் பற்றி நீ ஒன்றும் எழுதுவதில்லை.

ஸ்கந்தராஜா

•

பாகான் டத்தோ
12 ஜூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா?

கொடி மாநிலம் முழுவதும் பறக்கப்போவதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சி வரவேண்டும்.

பண்டில், பழைய பம்பு வீட்டுக்கு அப்பால், நீளவாக்கில் விரிசல் விட்டிருக்கிறது. வேன் ஓட்டும் பத்துமலை அண்ணன் முன்பு தோட்டத்து லாரி ஓட்டியவர், எளிதில் பயப்படாதவர். அவர் நேற்று என் அறைக்கு வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றார். "டீச்சர், பம்பு வீட்டாண்ட போறப்போ ஸ்டியரிங்க நான் திருப்பல. அதுவா வாய்க்கா பக்கம் திரும்புது. கீழ மண்ணு நவுருது லா," என்றார். "தோட்டத்து ஆபீஸ்ல சொன்னீங்களா?" என்று கேட்டேன். "சொன்னேன். ரோடு கவர்மெண்டோடதாம். கவர்மெண்ட் ஆபீஸ்ல சொன்னேன், பண்டு தோட்டத்தோடதாம். வேன் மட்டுந்தான் என்னோடதாம்," என்றார்.

என் கேள்வி இது. கடல் ஏற்றம் பெரிதாக வரும் நாள்களில் கம்பத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்தால், அந்த நாள்களை வருகைக் கணக்கிலிருந்து நீக்க விதியில் இடம் உண்டா?

மாதுமை

•

ஈப்போ
1 ஆகஸ்டு 2025

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதம் கண்டதும் விதித் தொகுப்பை எடுத்துப் பார்த்தேன். தாமதம் கவனக்குறைவால் அல்ல. மேலிடத்தில் கேட்டுத் தெளிவுபெறக் காத்திருந்தேன்.

நீக்க இடம் உண்டு. பள்ளி வளாகத்துக்குள் நீர் புகுந்தால் அந்த நாள் பேரிடர் நாளாகக் கருதப்பட்டுக் கணக்கிலிருந்து விலக்கப்படும். உன் பள்ளி மேட்டில் இருக்கிறது, நீர் புகாது. பாதையைப் பற்றி விதி பேசவில்லை. விதியை வரைந்தபோது பாதையை நாங்கள் நினைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நினைக்காத ஒன்றை இப்போது நானாகச் சேர்த்து வாசிக்க எனக்கு அதிகாரம் இல்லை.

பண்டின் பழுது குறித்துப் பொறுப்பான துறைக்கு எழுதியிருக்கிறேன். பதிலெண் வந்துள்ளது.

பெற்றோர் விரும்பினால் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அது அவர்கள் உரிமை. இலக்குக் கணக்கு வேறு.

ஸ்கந்தராஜா

•

பாகான் டத்தோ
19 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணியும் நலம் என்று நம்புகிறேன்.

பெற்றோரிடம் சொல்லிப் பார்த்தேன். பெரிய ஏற்றம் வரும் நாள்களில் அனுப்பவேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். மறுநாள் காலை எல்லாப் பிள்ளைகளும் வேனில் வந்து இறங்கினார்கள். வீரம்மாவை நிறுத்திக் கேட்டேன். "நீங்க எங்கள டெஸ்ட் பண்றீங்கன்னு எங்களுக்குத் தெரியும் டீச்சர். அப்பறம் இலக்கு போச்சு, ஸ்கூல இழுத்து மூடுறோம்னு லெட்டர் வரும். எங்ககிட்ட நடக்காதுலா," என்றார். பெருமையாகச் சிரித்தார். ஷர்மினி அவர் மகள். கொடி அந்த வாரமும் அவள் வகுப்புக்குத்தான்.

ஆசிரியர்களிடம் கொடியை நிறுத்தச் சொன்னேன். பிள்ளைகள் தாங்களே மஞ்சள் காகிதத்தில் ஒன்று வெட்டி ஒட்டிவிட்டார்கள்.

இப்போதெல்லாம் என் காரைக் கம்பத்து மாரியம்மன் கோவில் முன்னால் விட்டுவிட்டு, அங்கிருந்து வேனிலேயே பள்ளிக்குப் போகிறேன். பெட்ரோல் மிச்சம்.

மாதுமை

•

ஈப்போ
10 அக்டோபர் 2025

அன்புத் தங்கைக்கு,

உனக்கு முன்கூட்டிய தீபாவளி வாழ்த்து. நலமே. அண்ணி முறுக்குப் பிழிகிறாள். உடைந்தவை என் பங்கு.

பெட்ரோலைச் சிக்கனம் செய்வது நல்ல பழக்கம். ஆனால் வேனில் ஏறி இறங்குவது முழங்காலுக்கு ஆகுமா?

செப்டம்பர் வருகை 99க்கு மேல். அலுவலகத்தில் ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள்: நவம்பர் முதல் வாரம் மாநிலம் முழுவதற்கும் முழு வருகை வாரம். அந்த வாரம் ஒரு பிள்ளையும் விடுபடாத பள்ளிக்குக் கேடயம். தொடக்க விழாவில் உன் பள்ளியைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். தேதியை முன்மொழிந்தவன் நான். தேர்வுகளும் பண்டிகை விடுமுறையும் குறுக்கிடாத வாரம் அது ஒன்றுதான்.

வாழ்த்துகளுடன்,
ஸ்கந்தராஜா

•

பாகான் டத்தோ
24 அக்டோபர் 2025

அண்ணாவுக்கு,

தீபாவளி நல்லபடியாக நடந்தது. முறுக்கு முழுதாகவே வந்து சேர்ந்தது, அண்ணிக்கு நன்றி.

நீங்கள் தேர்ந்த வாரத்தில்தான் பௌர்ணமி. மீன் பிடிக்கப் போகிறவர்களின் அலை அட்டவணையைப் பார்த்தேன். ஆண்டின் மிகப் பெரிய ஏற்றம் நவம்பர் ஆறாம் தேதி காலை, வேன் பண்டில் போகும் நேரம்.

நான் இதை வேண்டுகோளாக எழுதவில்லை. கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டேன், நீங்களும் பதில் சொல்லிவிட்டீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதற்காக மட்டும் எழுதுகிறேன்.

வேனில் சின்னவர்களை முன்வரிசையில் உட்காரவைக்கிறேன். நீந்தத் தெரிந்த பெரிய பிள்ளைகள் பின்னால். கதவோரம் நான். அந்தக் கதவு பழையது. சும்மா இழுத்தால் வராது. தூக்கி, உள்பக்கம் அழுத்தி, பிறகு தள்ளவேண்டும். இப்போது கண்ணை மூடிக்கொண்டே திறக்கப் பழகிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதுமை

•

ஈப்போ
4 நவம்பர் 2025

அன்புத் தங்கை மாதுமைக்கு,

இன்று காலை உன்னோடு தொலைபேசியில் பேசினேன். பள்ளி விஷயத்தைப் பற்றித் தொலைபேசியில் பேசியது இதுவே முதல் முறை. பேசியதை எழுத்திலும் வைக்கிறேன். நாளை நான் வரும்போது இந்தக் கடிதத்தை என் கையாலேயே தருவேன்.

உன் கடிதத்தை நான் படித்துக் கோப்பில் வைத்துவிட்டேன். மூன்று நாள் கழித்து அண்ணி எடுத்துப் படித்தாள். படித்துவிட்டு, "ஏனப்பா, இவள் என்னத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு கதவு திறந்து பழகிறாள்?" என்று கேட்டாள். உன் பழைய கடிதங்களையும் எடுத்து மறுபடி படித்தேன்.

பெட்ரோல் மிச்சம் என்று நீ எழுதியபோது நான் உன் முழங்காலைப் பற்றிக் கேட்டேன்.

முழு வருகை வாரத்தைத் தள்ளிவைக்கக் கேட்டேன். விழாவுக்கு அழைப்பிதழ் போய்விட்டது என்றார்கள். ஆறாம் தேதி வேனை நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்டேன். எதன் அடிப்படையில் என்றார்கள். இதே கேள்வியை நான் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்!

விதித் தொகுப்பின் பின்னிணைப்பில், வேறொரு குழு எழுதி நான் ஆகஸ்டில் புரட்டாமல் விட்ட ஒரு பிரிவு இருக்கிறது. இதுவரை ஒருவரும் பயன்படுத்தவில்லை. பொறுப்பான அலுவலர் தாமே நேரில் சோதித்து, மாணவர் பாதை பயணத்துக்குத் தகுதியற்றது என்று கண்டால், அந்த நாள் விலக்கப்படும். நேரில் என்பது நிபந்தனை. ஆகவே நேரில் வருகிறேன்.

ஆறாம் தேதி காலை நடக்கவேண்டியது இது. கம்பத்துப் பிள்ளைகள் எல்லோரும் மாரியம்மன் கோவிலில் உட்கார்ந்திருக்கவேண்டும். பத்துமலையும் நானும் வெறும் வேனில் பண்டைக் கடந்து பள்ளி வரை போய், திரும்பி வருவோம். நாங்கள் திரும்பி வரும்வரை ஒரு பிள்ளையும் கோவிலை விட்டு இறங்கக்கூடாது. பெற்றோர் உன் சொல்லைச் சோதனை என்றுதான் நினைப்பார்கள். அதனால் அலுவலக முத்திரையிட்ட உத்தரவை நானே கொண்டுவருகிறேன்.

நீயும் ஏறக்கூடாது. இது அலுவலரின் உத்தரவு. அண்ணன் சொல்வதும் அதுதான்.

ஸ்கந்தராஜா

•

மருத்துவமனை
23 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் முழங்கால் நலம். அண்ணி இப்போதுதான் குளிக்கப் போயிருக்கிறாள். உங்கள் இரத்த அழுத்தத்தை இப்போது நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியதில்லை; தலைமாட்டில் உள்ள பெட்டியிலேயே ஓடுகிறது.

நீங்கள் விழித்ததும் எல்லாவற்றையும் முறையாகக் கேட்பீர்கள். ஆகவே எழுதி வைக்கிறேன்.

உங்கள் உத்தரவுப்படி பிள்ளைகள் கோவிலில் உட்கார்ந்திருந்தார்கள். முத்திரையைப் பார்த்த பிறகுதான் வீரம்மா ஷர்மினியின் கையை விட்டார். கொடி போய்விடும் என்று ஷர்மினி அழுதாள். வேன் புறப்பட்டது. பம்பு வீடு வரை எங்களுக்குத் தெரிந்தது. அதற்கு அப்பால் பாதையும் கடலும் ஒரே நிறமாக இருந்தன. பிறகு வேன் தெரியவில்லை. சத்தம்கூட வரவில்லை. பிள்ளைகள் அது தென்னைக்குப் பின்னால் திரும்பிவிட்டது என்று நினைத்தார்கள். அங்கே திருப்பம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பத்துமலை அண்ணன் தன் பக்கத்துக் கண்ணாடி வழியாக வெளியே வந்துவிட்டார். தேங்காய் பறிப்பவர்கள் துறட்டிக் கம்போடு வாய்க்காலில் இறங்கித்தான் உங்களை எடுத்தார்கள். அவர் தினமும் வந்து வாசலில் நிற்கிறார், உள்ளே வருவதில்லை. நேற்றுத்தான் பேசினார். "ஐயா பெல்ட்டு இல்லாம ஏறமாட்டேன்னாரு டீச்சர். அந்த வேன்ல முன் சீட்டத் தவிர எதுக்கும் பெல்ட்டே கெடையாது ஐயா, முன்னால வந்து ஒக்காருங்கன்னேன். டீச்சர் தெனமும் எங்க ஒக்காருவாங்கன்னு கேட்டாரு. காட்டுனேன். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்பறம் அங்கயே ஒக்காந்து, சரி போலாம்னாரு."

கதவோரம். அது என் இடம், அண்ணா. அந்தக் கதவைத் திறக்கும் பழக்கம் உங்களுக்கு இல்லை.

அன்றைய வருகைப் பதிவில் கம்பத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் 'வரவில்லை' என்று நானே போட்டேன். இலக்கு உடைந்துபோகட்டும் என்றுதான் போட்டேன். உங்கள் அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. பொறுப்பான அலுவலர் நேரில் சோதித்துப் பாதை தகுதியற்றது என்று கண்டதால், அந்த நாள் கணக்கிலிருந்து விலக்கப்படுகிறதாம். பின்னிணைப்பில் நீங்கள் சொன்ன அதே பிரிவு. ஆகவே ஹெதர்லி தோட்டத் தமிழ்ப்பள்ளி இந்த ஆண்டும் இலக்கை அடைந்துவிட்டது. கேடயம் என் மேசையில் இருக்கிறது.

பண்டு உடைந்த இடத்தில் மணல் மூட்டை அடுக்கி, மேலே செம்மண் கொட்டியிருக்கிறார்கள். தோட்டத்தில் வேறு வேன் ஏற்பாடு செய்தாயிற்று. அதன் கதவு எப்படித் திறக்கிறது என்று பார்த்துவைத்திருக்கிறேன். டிசம்பர் தொடக்கத்தில் மறுபடியும் பௌர்ணமி.

அடுத்த ஆண்டின் இலக்குப் படிவம் வந்துவிட்டது. அடைந்ததற்கு மேல் அரை விழுக்காடு என்று கணினியே எண்ணை நிரப்பியிருக்கிறது. சரிபார்த்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரை அச்சிட்டிருக்கிறார்கள், யாரும் மாற்றவில்லை. எனக்குக் கீழே கையெழுத்திட வேண்டியவர் நீங்கள்.

நான் இன்னும் கையெழுத்திடவில்லை. படிவத்தை உங்கள் தலையணைக்கு அருகில் வைத்திருக்கிறேன். கண்ணைத் திறந்து, ஒருமுறை அந்த எண்ணைப் பாருங்கள்.

தங்கை
மாதுமை